ஓக்ஸ் சுரங்கம், 1866: பட்டியலில் விடுபட்டவர்களைத் தேடுதல்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பார்ன்ஸ்லி நகரை ஒட்டி இருந்த ஓக்ஸ் நிலக்கரிச் சுரங்கம் 1866 டிசம்பர் 12, புதன்கிழமை பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் வெடித்தது. மறுநாள் காலை, மீட்புக்கு இறங்கியவர்கள் உள்ளே இருக்கும்போதே மீண்டும் வெடித்தது. இறந்தவர்கள் 361 பேர் என்ற கணக்கு ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு மாறாமல் நின்றது. 150ஆம் நினைவாண்டான 2016இல், உள்ளூர்த் தன்னார்வலர்கள் பழைய ஆவணங்களைப் பெயர் பெயராக ஒப்பிட்டுப் பார்த்து, அந்த எண்ணை 383 ஆகத் திருத்தினார்கள். இங்கிலாந்தில் நடந்த சுரங்க விபத்துகளில் மிகப் பெரியது என்று எல்லோரும் அறிந்த ஒரு நிகழ்வில், 22 மனிதர்கள் கணக்கிலேயே சேராமல் நான்கைந்து தலைமுறை கழிந்திருக்கிறது.

அந்த இடைவெளி எப்படி உண்டாயிற்று என்பதையும், அதற்குள் விழுந்துவிட்ட ஒரு மூதாதையைச் சந்ததியினர் எந்த வழியில் கண்டெடுக்க முடியும் என்பதையும் இந்த ஆய்வு பார்க்கிறது. முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இறந்தவரின் பெயரைப் பிடித்துக்கொண்டு தேடுவதைவிட, அவர் விட்டுச்சென்ற மனைவியையும் பிள்ளைகளையும் பின்தொடர்வதே இத்தகைய தேடலில் அதிகம் பலன் தருகிறது.

நடந்தது என்ன

பார்ன்ஸ்லி படுகை என்ற தடித்த நிலக்கரி அடுக்கை வெட்டிய சுரங்கம் அது. மீத்தேன் வாயு மிகுதியாகக் கசியும் அடுக்கு என்பதால் அபாயம் புதிதல்ல. இதே சுரங்கத்தில் 1847 மார்ச் 5 அன்று நடந்த வெடிப்பில் 73 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். 1866இல் அந்த முறைப்பணி முடியும் தறுவாயில், சுமார் 340 ஆண்களும் சிறுவர்களும் உள்ளே இருந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். மேலே கொண்டுவரப்பட்டவர்களில் உயிர் தங்கியது ஆறு பேருக்கு மட்டுமே. 13ஆம் தேதி வெடிப்பில் மீட்புக் குழுவினர் 27 பேர் இறந்தார்கள். 14ஆம் தேதி விடியற்காலையில் கீழிருந்து சமிக்ஞை மணி ஒலிக்கவே, மாமட், எம்பிள்டன் என்ற இரு பொறியாளர்கள் இறங்கிச் சென்று சாமுவேல் பிரவுன் என்பவரை உயிருடன் மீட்டனர்; இரண்டாம் வெடிப்பில் சிக்கிய மீட்புக் குழுவில் தப்பியவர் அவர் ஒருவரே. அதன் பிறகும் வெடிப்புகள் தொடர்ந்தன. உள்ளே எரியும் தீயைக் காற்றில்லாமல் அணைக்க வேண்டுமென்று குழிவாய்களை அடைத்தார்கள். எதனால் தீப்பற்றியது என்பதை மரண விசாரணையில் உறுதிசெய்ய இயலவில்லை. பாறையைக் குடைந்து வழி அமைப்பதற்காக வைத்த வெடியின்மேல் பலருக்குச் சந்தேகம் இருந்தது.

குழிவாய்களை அடைத்ததுதான் வம்சாவளி தேடுவோருக்கு முக்கியமான செய்தி. பலருடைய உடல்கள் மாதக்கணக்கில் உள்ளேயே கிடந்தன. பலருடையவை வெளியே வரவே இல்லை. இங்கிருந்துதான் ஆவணச் சிக்கல் தொடங்குகிறது.

எண்ணிக்கை ஏன் தவறியது

உள்ளே இருந்தவர்கள் யார் யார் என்பது நிர்வாகத்துக்கே தெரியாமலா போகும் என்ற கேள்வி இயல்பாக எழும். அன்றைய யார்க்‌ஷயர் சுரங்கங்களில் தெரியாமல் போக வழி இருந்தது. கரி வெட்டுபவர், வண்டி தள்ளுவதற்குத் தம் மகனையோ தம்பியையோ அண்டை வீட்டுப் பையனையோ தாமே கூட்டி வந்து, தம் கூலியிலிருந்தே பணம் கொடுக்கும் வழக்கம் பரவலாக இருந்தது. அப்படி வந்த சிறுவன் வெட்டுபவரின் ஆள். நிறுவனத்தின் கூலிப் புத்தகத்தில் அவன் பெயர் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. தகப்பனும் மகனும் சேர்ந்து இறந்துவிட்டால், அன்று அந்தப் பையன் இறங்கினான் என்பதைச் சொல்ல வீட்டில் இருக்கும் தாய் ஒருத்தியே மிச்சம்.

இதனுடன் வயதுச் சிக்கலும் சேர்ந்துகொண்டது. 1842 சட்டம் பத்து வயதுக்குக் குறைந்த சிறுவர்களைச் சுரங்கத்துக்குள் வேலைக்கு வைக்கத் தடை விதித்தது. 1860 சட்டம், படிப்புச் சான்று இருந்தாலொழிய அந்த வரம்பைப் பன்னிரண்டாக உயர்த்தியது. ஆகவே ஒரு சிறுவனின் வயதைச் சற்றுக் கூட்டிச் சொல்லக் குடும்பத்துக்குக் காரணம் இருந்தது. இறப்புப் பதிவில் பன்னிரண்டு என்று இருப்பவன் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பதினொன்றுக்குள் இருந்தால், வேறு ஆள் என்று உடனே ஒதுக்கிவிடக் கூடாது.

மூன்றாவது சிக்கல் வாடகைக்குத் தங்கியிருந்தவர்கள். வெளி மாவட்டங்களிலிருந்து வேலை தேடி வந்த திருமணமாகாத இளைஞர்கள் சுரங்கத்தை ஒட்டிய குடியிருப்புகளில் பிறர் வீட்டில் இடம் பிடித்துத் தங்குவார்கள். வீட்டுக்காரர் அறிந்தது அழைக்கும் பெயரை மட்டுமே. ஊரிலுள்ள பெற்றோருக்குச் செய்தி போய்ச் சேர்ந்ததா என்பதே பல நேரம் ஐயம்.

எல்லோருடைய நிலையும் இப்படி இல்லை என்பதையும் பதிவுசெய்ய வேண்டும். மீட்புப் பணியில் உயிரிழந்த பார்கின் ஜெஃப்காக் என்ற பொறியாளரை எடுத்துக்கொள்வோம். 1829இல் பிறந்தவர், டார்பிஷயரில் இருந்தவர், தகவல் அறிந்து பார்ன்ஸ்லிக்கு விரைந்து வந்து இறங்கினார். அவர் உடலும் உள்ளேதான் அகப்பட்டது. 1867 அக்டோபரில்தான் கிடைத்தது. ஆனால் அவருக்கு வாழ்க்கை வரலாறு எழுதப்பட்டது. அவர் நினைவாக ஒரு தேவாலயம் எழுந்தது. தேசிய வாழ்க்கை வரலாற்று அகராதியில் இடமும் கிடைத்தது. அதே குழியில், அதே தீயில் இறந்த வண்டி தள்ளும் பையனுக்கோ ஒரு வரிகூட உறுதியில்லை. ஆவணங்கள் மனிதர்களைச் சமமாக நினைவில் வைப்பதில்லை என்ற இந்த உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகே தேடலைத் தொடங்குவது நல்லது.

எந்த விபத்து என்பதே முதல் வினா

இத்தகைய குடும்பங்களில் சாதாரணமாகக் கைமாறி வரும் செய்தி மூன்று துண்டுகளாக இருக்கும்: பாட்டியின் தாத்தா பார்ன்ஸ்லிப் பக்கம் சுரங்கத்தில் இறந்தார், அது டிசம்பர் மாதம், அவருடன் அவர் அண்ணனோ தம்பியோ இறந்தார். இதை மாதிரியாக வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

பார்ன்ஸ்லி, டிசம்பர் என்ற இரண்டையும் கேட்டவுடன் ஓக்ஸ் என்று முடிவுகட்டுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. சில மைல் சுற்றளவுக்குள், ஒரே தலைமுறையின் காலத்தில், பெருவிபத்துகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. வூம்வெல் அருகே லண்ட்ஹில் சுரங்கத்தில் 1857 பிப்ரவரி 19 அன்று 189 பேர் இறந்தனர். எட்மண்ட்ஸ் மெயினில் 1862 டிசம்பர் 8 அன்று 59 பேர். ஸ்வெய்த் மெயினில் 1875 டிசம்பர் 6 அன்று 143 பேர். ஓக்ஸையும் சேர்த்தால் மூன்று விபத்துகள் டிசம்பரின் முதல் இரு வாரங்களுக்குள்ளேயே வருகின்றன. ஆகவே மாதத்தை வைத்து எதையும் நிறுவ முடியாது. பாட்டியின் தகப்பனோ தாயோ பிறந்த ஆண்டு, கைம்பெண்ணான மூதாட்டி மறுமணம் செய்த ஆண்டு, கடைசிப் பிள்ளையின் வயது ஆகியவற்றைக் கொண்டு இறப்புக்கு ஒரு காலவரம்பு கட்ட வேண்டும். 1864இல் பிறந்த பிள்ளைக்குத் தகப்பனாக இருந்தவர் 1862 விபத்தில் இறந்திருக்க மாட்டார், எளிமையான கணக்கு. இணையத்தில் உலவும் பல குடும்ப மரங்களில் இந்த எளிய கணக்கைக்கூட யாரும் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இறப்புப் பதிவும் அதன் எல்லையும்

இங்கிலாந்திலும் வேல்சிலும் குடிமைப் பதிவு 1837 ஜூலையில் தொடங்கியது. இறப்புகளின் அட்டவணை காலாண்டு வாரியாக அமைந்தது. ஓக்ஸைத் தேடுவோருக்கு ஒரு நற்பேறு உண்டு: அச்சிட்ட அட்டவணையில் இறந்தவரின் வயதைச் சேர்க்கத் தொடங்கியது 1866ஆம் ஆண்டின் முதல் காலாண்டிலிருந்துதான். எனவே 1866 அக்டோபர்–டிசம்பர் காலாண்டு, பார்ன்ஸ்லி பதிவு மாவட்டம், 9சி தொகுதி என்று திறந்தால், ஒரே பெயருள்ள பலரை வயதைக் கொண்டு ஓரளவு பிரித்தறியலாம். அட்டவணையில் வழக்கத்துக்கு மாறாக ஆண்களாகவும், பதினைந்து முதல் நாற்பது வயதினராகவும் பெயர்கள் குவிந்திருப்பது அந்தப் பேரிழப்பை எந்த வருணனையையும்விட நேராகக் காட்டுகிறது.

அட்டவணையிலிருந்து சான்றிதழுக்குப் போகும்போது எதிர்பார்ப்பைச் சற்றுத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். இறந்த நாளும் இடமும், பெயர், பால், வயது, தொழில், இறப்புக்குக் காரணம், தகவல் கொடுத்தவர், பதிவு நாள், பதிவாளர் கையொப்பம் என்ற கட்டங்கள்தான் அதில் உண்டு. பெற்றோர் பெயருக்கும் மனைவி பெயருக்கும் தனிக் கட்டம் கிடையாது. இயல்பான மரணத்தில் தகவல் கொடுத்தவர் மனைவியாகவோ மகளாகவோ இருப்பார்; அவர் பெயரும் முகவரியும் உறவை நிறுவிவிடும். சுரங்க விபத்திலோ மரண விசாரணை நடப்பதால், தகவல் கொடுத்தவர் என்ற கட்டத்தில் விசாரணை அதிகாரியின் பெயர் வந்து உட்கார்ந்துகொள்ளும். உறவினர் அங்கே காணாமற்போகிறார்.

சிறுவர்கள் விஷயத்தில் இது இன்னும் கொடுமை. குழந்தை இறந்தால் தொழில் என்ற கட்டத்தில் ‘இன்னாரின் மகன்’ என்று எழுதுவது வழக்கம். தகப்பனின் பெயரும் தொழிலும் அப்படிக் கிடைத்துவிடும். பன்னிரண்டு வயதுப் பையன் சுரங்கத்தில் வேலை செய்து இறந்தால், அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் அவனுடைய சொந்தத் தொழிலே எழுதப்பட்டது. வேலைக்குப் போனதாலேயே அவன் தன் தகப்பனின் பெயரை ஆவணத்தில் இழந்தான்.

உடல் கிடைக்காதவர்களின் நிலை தனி. அன்றைய சட்டப்படி மரண விசாரணை உடலைப் பார்வையிட்டே நடக்க வேண்டும். உடல் இல்லாத மரணத்துக்கு விசாரணை நடத்த வழிசெய்தது 1926ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம்தான். ஆகவே அடைத்த குழிக்குள் தங்கிவிட்டவருக்கு விசாரணை, அதன்வழியான பதிவு, அடக்கம் என்ற வரிசை முழுவதுமே அறுந்துபோகக் கூடும். 1866 கடைசிக் காலாண்டில் பெயர் இல்லை என்பதால் தேடலை நிறுத்தவும் கூடாது. சுரங்கம் மறுபடி திறக்கப்பட்டு உடல்கள் கிடைத்த காலத்தில் பதிவானவை 1867லும் அதற்குப் பிந்திய காலாண்டுகளிலும் இருக்கும். ஜெஃப்காக்கின் உடல் பத்து மாதம் கழித்துக் கிடைத்ததை நினைவில் கொள்க. இரண்டு மூன்று ஆண்டுகளின் அட்டவணைகளையாவது வரிவரியாகப் பார்ப்பது அவசியம்.

பெயர் எழுத்து வேறுபாடும் இங்கே தொல்லை கொடுக்கும். சொல்பவருக்கு எழுதத் தெரியாது. எழுதுபவர் காதில் விழுந்தபடி எழுதினார். யார்க்‌ஷயர் பேச்சில் ஹகர ஒலி சொல் முதலில் விழுந்துவிடும். ஹாப்சன் என்ற குடும்பம் ஆப்சன் என்ற இடத்தில் போய் நிற்கலாம்.

அடக்கப் பதிவேடுகளும் செய்தித்தாள்களும்

1812ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலத் திருச்சபையின் அடக்கப் பதிவேடுகள் அச்சிட்ட படிவத்தில், பக்கத்துக்கு எட்டுப் பதிவுகளாக அமைந்தன. பெயர், இருப்பிடம், அடக்க நாள், வயது, சடங்கு நடத்திய குரு என்பவை மட்டுமே அதில் இருக்கும். காரணம் எழுத இடமில்லை. சில குருக்கள் ஓரத்தில் ஒரு சொல் குறித்துவைத்ததுண்டு. ஆர்ட்ஸ்லி, மங்க் பிரெட்டன், வொர்ஸ்பரோ எனச் சுற்றியுள்ள பங்குகள் (திருச்சபை வட்டாரங்கள்) அனைத்தையும் பார்க்க வேண்டும். சுரங்கத் தொழிலாளர் குடும்பங்களில் ஆங்கிலத் திருச்சபையைச் சேராத மெதடிஸ்டுகள் ஏராளம் என்பதால் பார்ன்ஸ்லி நகர இடுகாட்டையும் விட்டுவிடக் கூடாது.

செய்தித்தாள்கள் அதிகம் தருகின்றன. 1858 முதல் வெளிவந்த பார்ன்ஸ்லி கிரானிக்கிளும், லீட்ஸ், ஷெஃபீல்டு நாளேடுகளும் மரண விசாரணையை விரிவாக வெளியிட்டன. விசாரணையில் முதல் வேலை அடையாளம் காட்டுவது. முகம் கருகியவர்களைக் காலணி, சட்டை, ஒட்டுப்போட்ட துணி ஆகியவற்றைக் கொண்டு உறவினர் இனங்கண்டார்கள். இன்னாரின் உடலை அவர் மாமனார் அடையாளம் காட்டினார் என்ற ஒரு வரி, சான்றிதழ் மறைத்த உறவை மீட்டுத் தந்துவிடும். அதே சமயம், நிகழ்ந்த வாரத்தில் அச்சான இறந்தோர் பட்டியல்களை அப்படியே நம்ப முடியாது. தப்பி வந்தவர் பெயர் அதில் இருக்கும். ஒருவரே இரு எழுத்துக்கோவைகளில் இருமுறை வருவார். ஒரே பெயருள்ள தகப்பனும் மகனும் ஒரே ஆளாகச் சுருங்கியிருப்பார்கள். பழைய எண் பிழைபட்டதில் இந்தக் கடைசி வகைக்குப் பெரும் பங்கு இருக்கக் கூடும் என்பது என் ஊகம்.

இருந்தவர்கள் வழியாகப் போவது

இனி இந்த ஆய்வின் மையத்துக்கு வருவோம். மாதிரிக் குடும்பத்தின் மூதாதைக்கு இறப்புப் பதிவு கிடைக்கவில்லை, அடக்கப் பதிவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அவர் 1866 டிசம்பரில் ஓக்ஸில் இறந்தார் என்று எப்படி நிறுவுவது?

முதலில் இரண்டு கணக்கெடுப்புகளை அருகருகே வைக்க வேண்டும். 1861 ஏப்ரல் 7 அன்று எடுத்த கணக்கில் குடும்பத் தலைவர், கரி வெட்டுபவர், மனைவி, பிள்ளைகள் என்று ஒரு வீடு இருக்கிறது. 1871 ஏப்ரல் 2 அன்று எடுத்த கணக்கில் அதே மனைவி தலைவியாக, கைம்பெண் என்ற குறிப்புடன் இருக்கிறார்; பிள்ளைகள் பத்து வயது கூடியிருக்கிறார்கள்; வீட்டில் புதிதாக இரண்டு வாடகையாளர்கள். பத்தாண்டுக்குள் கணவர் இறந்தார் என்பது மட்டும் இதிலிருந்து தெரியும். அந்தப் பத்தாண்டைச் சில மாதங்களாகச் சுருக்குவது கடைசிப் பிள்ளைகளின் பிறப்புப் பதிவுகள்.

தகப்பன் இறந்தபோது கருவிலிருந்த குழந்தை 1867 செப்டம்பர் நடுப்பகுதிக்குள் பிறந்திருக்க வேண்டும். அந்தப் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயருக்குப் பக்கத்தில் ‘காலமானவர்’ என்ற குறிப்பு இருந்தால், அதைவிட வலுவான சான்று வேறு இல்லை. அதற்கு முந்திய பிள்ளையின் சான்றில் அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால், இரு பதிவு நாட்களுக்கும் இடையில் இறப்பு நிகழ்ந்தது என்று உறுதியாகிறது. திருச்சபையின் திருமுழுக்குப் பதிவேட்டிலும் சில குருக்கள் இதைக் குறித்திருப்பார்கள். இவ்வளவு எளிய வழியைப் பலரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். காரணம், அவர்கள் தேடுவது நேர்வழி முன்னோரின் பிறப்பை மட்டுமே, அவருடைய கடைசித் தங்கையின் பிறப்பை அல்ல.

அடுத்தது மறுமணம். மூன்று நான்கு குழந்தைகளுடன் நின்ற பெண்ணுக்கு, இறந்தவர்களின் குடும்பங்களுக்கான உதவி நிதியிலிருந்து வாரப்படி வந்தாலும் அது போதாது. மறுமணம் செய்தால் படி நின்றுவிடுவது அக்கால நிதிகளில் பொதுவாக இருந்த விதி. ஆனாலும் பலர் மறுமணம் செய்துகொண்டார்கள். அந்தத் திருமணப் பதிவில் மணமகளின் நிலை ‘கைம்பெண்’ என்றிருக்கும். பெயர் முதற்கணவரின் குடும்பப் பெயராக இருக்கும். தகப்பன் பெயர் அவரைப் பிறந்த வீட்டுடன் இணைக்கும். பிறகு 1871 கணக்கெடுப்பில் பிள்ளைகள் மாற்றாந்தகப்பனின் குடும்பப் பெயரில் ஒளிந்திருப்பார்கள். வீட்டில் ஒரே தாயிடம் வயது மூத்த பிள்ளைகளும் இளைய பிள்ளைகளும் இருக்க, நடுவில் ஐந்தாறு ஆண்டு இடைவெளி விழுந்திருந்தால், அந்த இடைவெளியில்தான் முதற்கணவரின் இறப்பு இருக்கிறது.

பிள்ளைகள் வளர்ந்து மணம் முடித்தபோது, தகப்பன் பெயரும் தொழிலும் எழுதும் கட்டத்தில் ‘கரி வெட்டுபவர், காலமானவர்’ என்று வரும். இந்தக் குறிப்பு விடுபட்டிருப்பதை மட்டும் வைத்து அவர் உயிரோடு இருந்தார் என்று கொள்ளக் கூடாது. எழுதும் குருவின் பழக்கத்தைப் பொறுத்தது அது. மாற்றாந்தகப்பனைத் தகப்பன் என்று எழுதிக்கொடுத்த பிள்ளைகளும் உண்டு.

இந்தச் சான்றுகள் ஆண்டையும் மாதத்தையும் நெருக்கித் தந்துவிடும். ஓக்ஸ் என்ற இடத்தைத் தருவது உதவி நிதி ஆவணங்களும் செய்தித்தாள்களில் வந்த கைம்பெண்கள், அநாதைகள் பட்டியல்களும்தான். அவற்றில் இறந்தவரின் பெயர் திரிந்திருந்தாலும், பிள்ளைகளின் எண்ணிக்கையும் வயதும் கணக்கெடுப்போடு பொருந்தும்போது ஆளை அடையாளம் காண முடிகிறது. பெயர் திரியலாம், ஒன்பது, ஏழு, நான்கு, ஒன்று என்ற வயது வரிசை இரண்டு குடும்பங்களுக்கு அப்படியே அமைவது அரிது.

வாடகைக்குத் தங்கியிருந்த இளைஞனுக்கு இந்த வழி உதவாது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அவனுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. அவனைத் தேட வேண்டியது அவன் பிறந்த ஊரில்: பெற்றோரின் கல்லறையில் அவன் பெயரையும் செதுக்கியிருக்கலாம்; அந்த ஊர்ப் பத்திரிகையில் இரண்டு வரி வந்திருக்கலாம்; அண்ணனோ அக்காளோ தம் பிள்ளைக்கு அவன் பெயரை வைத்திருக்கலாம். கடைசியில் சொன்னது சான்றாகாது, திசைகாட்டும் குறிப்பு மட்டுமே.

எங்கே நிறுத்துவது

குடும்ப மரத்தில் ஒரு வரியை உறுதியாக எழுதுவதற்கு முன் நான் எதிர்பார்ப்பது, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆவணங்களாவது ஒரே ஆளைச் சுட்ட வேண்டும் என்பதுதான். செய்தித்தாள் பட்டியலும் அதிலிருந்து பின்னாளில் தொகுத்த நூற்பட்டியலும் இரண்டு சான்றுகள் ஆகா, ஒன்றேதான். நினைவுச் சின்னங்களும் அப்படியே. ஆர்ட்ஸ்லி கிறிஸ்து ஆலய வளாகத்தில் 1879இல் எழுப்பியதும், மீட்புக்கு இறங்கி மடிந்தவர்களுக்காக 1913இல் டான்காஸ்டர் சாலையில் நிறுவியதும் மரியாதைக்காக எழுந்தவை. ஒரு தனி மனிதரின் இறப்பை அவற்றைக் கொண்டு நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

மாதிரிக் குடும்பத்தின் மூன்றாவது துண்டு, அண்ணனோ தம்பியோ உடன் இறந்தார் என்பது, பெரும்பாலும் கடைசிவரை இழுபறியாகவே நிற்கும். உடன் இறந்தவர் மைத்துனராக இருக்கலாம். தமையன் லண்ட்ஹில்லில் ஒன்பது ஆண்டு முன்பே இறந்து, இரு மரணங்களும் பேச்சில் ஒன்றாகியிருக்கலாம். இரு சகோதரர்களின் பிறப்புப் பதிவுகள், 1851, 1861 கணக்கெடுப்புகளில் அவர்கள் இருந்த வீடுகள், இருவரின் மனைவியரும் 1871இல் இருந்த நிலை ஆகியவற்றைத் தனித்தனியே நிறுவாமல் அந்த வரியை எழுதுவதைவிட, ‘குடும்ப மரபுச் செய்தி, உறுதி செய்யப்படவில்லை’ என்று எழுதிவைப்பது பின்வருபவருக்கு அதிகம் உதவும்.

தேடி முடித்தவர்கள், கிடைத்த சான்றுகளின் நகல்களையும் எதை எங்கே பார்த்தும் கிடைக்கவில்லை என்ற குறிப்பையும் பார்ன்ஸ்லி ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். 2016இல் எண் திருந்தியது அத்தகைய சிறு சிறு ஒப்பீடுகளால்தான். 383 என்பதும் இன்னொரு பிறப்புச் சான்றின் ஓரக் குறிப்பால் கூடலாம், அல்லது ஒரே ஆள் இருமுறை எண்ணப்பட்டது தெரியவந்தால் குறையலாம்.